குழியாட்டக்காரர்

எங்கள் அக்கா புருஷன் உட்காரப் போகிற இடத்தில் ஒரு புளியங்கொட்டை கிடந்தால், அதை எடுத்து எறிய மாட்டார். தான் ஒரு சாண் தள்ளி உட்காருவார். இலையில் ரசம் ஊற்றும்போது கொஞ்சம் வெளியே சிந்தினால் துடைக்கவும் மாட்டார், இலையை நகர்த்தவும் மாட்டார். ரசம் ஓடி வந்து வேட்டியைத் தொடும்வரை அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

“ஏங்க, கைய நீட்டி அந்த எலையத் தள்ளிக்கினா இன்னா?” என்று அக்கா கேட்பாள்.

“வுழுந்த எடத்துல வுழுந்துச்சி. இருக்கட்டுமே” என்பார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அக்காவுக்கு அழுகை வரும். அவரோ அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருப்பார்.

நான் அவருக்கு மச்சினிச்சி. அக்கா புருஷனைக் கேலி பேசுகிற உரிமை மச்சினிச்சிக்கு உண்டு. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை. எங்களுடையது ஆரணியில் பட்டு நெய்கிற கிறிஸ்தவக் குடும்பம். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அப்பா, அக்கா, நான், அக்காவைக் கட்டிக்கொண்ட மாமா, இவ்வளவுதான் வீடு. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே உபாத்தியாயினி ஆனவள். வீட்டில் நாலெழுத்து படித்தவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. அதையும் மாமா கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டிருந்தார்.

அவருடைய தொழிலைச் சொன்னால் இன்றைக்கும் ஜனங்கள் நம்புவதில்லை. அவர் ஆடிச் சம்பாதித்தார். தெருக்கூத்து இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் நீளத் தடியால் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடித்து, அடித்து, கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிற குழியில் விழவைப்பார்களே, அந்த ஆட்டம். குறைந்த அடியில் யார் பந்து குழியில் விழுந்ததோ அவருக்கு அந்தக் குழி. கோல்ஃப் என்று அதற்குப் பெயர். எங்கள் தெருவில் குழியாட்டம் என்றார்கள். அதனால் மாமா குழியாட்டக்காரர். சொந்தப் பெயர் ஞானஸ்நானத்தின்போது வைத்தது ஒன்று இருந்தது. கோயில் பதிவைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாக எனக்கு நினைவில்லை.

கமண்டல நாகநதிக்கும் நெசவுத் தெருக்களுக்கும் நடுவே ஒரு பெரிய வெட்டவெளி. ஒரு காலத்தில் பட்டாளம் கூடாரம் அடித்திருந்த இடம். பட்டாளம் போன பிறகு நெசவுக்காரர்கள் அங்கே விடியற்காலையில் பாவு நீட்டினார்கள். நெய்வதற்கு முன்னால் பட்டு இழைகளை நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்ததை முடிந்து, இளவெயிலில் காயவைக்கிற வேலை அது. பாவு நீட்டியிருக்கும்போது அதை யாரும் தாண்ட மாட்டார்கள். சுற்றிக்கொண்டு போவார்கள். ‘இதெல்லாம் அஞ்ஞானம்’ என்று பாதிரியார் பிரசங்கம் செய்தார். கேட்டு ஆமென் சொன்ன எங்கள் அப்பா மறுநாளும் சுற்றிக்கொண்டுதான் போனார்.

நீர்ப்பாசன இஞ்சினீயராக ஆரணிக்கு வந்த ஒரு துரை அந்த வெளியில் குழியாட்டத்தைக் கொண்டுவந்தார். குளிர் மாதங்களில் வேலூரிலிருந்து மற்றத் துரைமாரும் குதிரையிலும் வண்டியிலும் வந்து கூடாரம் அடித்து ஆடுவார்கள். வெயில் ஏறும்வரை வெளியின் ஓரம் நெசவுக்காரர்களுக்கு, அதற்குப் பிறகு எல்லாமே துரைமாருக்கு என்று ஒப்பந்தம்.

அந்த நாளில் மாமா நெசவுக்காரர்தான். தன் தகப்பனாரோடு பாவு நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளை உருண்டை உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. பாவம், துரை எதையோ தொலைத்துவிட்டார் என்று மாமா பதறிப்போனார். பந்தை எடுத்து, வேட்டியில் துடைத்து, ஒரே ஓட்டமாய் ஓடிப்போய் இரண்டு கையாலும் பவ்வியமாகக் கொடுத்தார். துரையின் முகம் தக்காளிப்பழமாகச் சிவந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் அவர் ஜெயிக்க இருந்தாராம். பந்து விழுந்த இடத்திலிருந்துதான் அடுத்த அடி அடிக்க வேண்டும், முள்ளானாலும் சேறானாலும் கையால் தொடக்கூடாது என்பது ஆட்டத்தின் முதல் சட்டம். அதைத் துரை வாய்க்கு வந்த தமிழில் கத்திச் சொன்னார். மாமா நின்று கேட்டார். கோபம் ஆறியபிறகு, ‘இப்படி ஓடி வருகிற ஆள் நமக்கு வேண்டும்’ என்று துரைக்குத் தோன்றியிருக்கும். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வரச் சொன்னார்.

அன்றைக்குக் கேட்ட சட்டத்தை மாமா ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அங்கேதான் எங்கள் வீட்டுப் பேஜார் எல்லாம் ஆரம்பித்தது.

மைதானத்தைக் கூட்டப் போனவர், துரைமார் இல்லாத நேரத்தில் தடியை எடுத்து அடித்துப் பார்த்தார். நெட்டையான உடம்பு, ஊடை நூலைக் குறுக்கே ஓட்டுகிற நாடாவை எறிந்து எறிந்து பழகின மணிக்கட்டு. செருப்பில்லாத கால் தரையை நன்றாகப் பிடித்துக்கொண்டது. இரண்டு குளிர்காலம் போவதற்குள் இஞ்சினீயர் துரையே அவரிடம் தோற்றார். பிறகு துரை அவரைத் தன் ஆளாக வைத்துக்கொண்டு, புதிதாய் வருகிற துரைமாருக்கும் துரைசானிகளுக்கும் ஆட்டம் கற்றுக்கொடுக்கச் சொன்னார். மற்ற ஊர்த் துரைமார் தங்கள் ஆளைக் கூட்டிவரும்போது அவனோடு பந்தயத்துக்கு விட்டார். சேவல் கட்டு மாதிரிதான்.

மாமாவின் தகப்பனார் தறியை இளைய மகனுக்குக் கொடுத்துவிட்டு, “நீ ஆடிகினே இரு” என்று சொல்லிவிட்டார். மாமா அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குச் சம்பளம் குளிர் மாதங்களுக்கு மட்டும்தான். அதில் தனி வீடு பிடிக்க முடியாது.

எங்கள் அப்பா அவரோடு நேராகப் பேசுவதில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட அக்கா வழியாகத்தான் பேச்சு.

“ஆடறதுக்குச் சம்பளமாம். நாளைக்குத் தூங்கறதுக்கும் எவனாவது சம்பளம் குடுப்பான்னு உன் புருஷனாண்ட சொல்லு.”

“அப்டி ஒருத்தரு இருந்தா ஜல்தியா சொல்லியனுப்பச் சொல்லு, போய்ப் பாத்துட்டு வரேன்” என்பார் மாமா, அக்காவைப் பார்த்து.

அரிசி அறையின் சாவி அப்பாவின் இடுப்பில் இருக்கும். தினமும் காலையில் அவரே திறந்து அரிசி அளந்து அக்காவின் முறத்தில் கொட்டுவார். கொட்டும்போது, “உன் புருஷனுக்கும் சேத்துதான்” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டார். சொல்லிவிட்டு ஜெபத்துக்கு உட்காருவார். அக்கா அந்த முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வரும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. “ஒரு குடிசையா இருந்தாலும் பரவால்லடி. நான் மூட்டுன அடுப்பு, நான் வச்ச பானன்னு இருக்கணும்” என்று என்னிடம் சொல்லுவாள். அக்காவுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

இதை மாமாவிடம் சொன்னால், “இப்ப இங்க இருக்கோம். இங்கேருந்து பாக்கலாம்” என்பார். அவரை அப்போது நான்கு அறை அறையலாம் போல இருக்கும்.

ஆட்டத்தில் அவர் வித்தை எதுவும் காட்டமாட்டார். மற்றவர்கள் பந்து முள்ளுக்குள் விழுந்தால் வானத்தைப் பார்ப்பார்கள், தடியைத் திட்டுவார்கள். மாமா எங்கே விழுந்ததோ அங்கே போய்க் குந்தி உட்கார்ந்து, பந்தையே பார்ப்பார். எருமைக் குளம்புத் தடத்தில் புதைந்திருந்தாலும் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. எழுந்து அடிப்பார். நல்ல இடத்தில் விழுந்த பந்தைவிடக் கெட்ட இடத்தில் விழுந்த பந்தை அவர் நன்றாக அடித்தார் என்று துரைமார் பேசிக்கொள்வார்கள்.

சீமையில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்குமாம். ஆரணி வெயிலில் புல்லுக்கு எங்கே போவது? மாமா ஆற்று மணலும் சாணியும் கலந்து குழியைச் சுற்றி வட்டமாக மெழுகி வைத்தார். ஊர்ப் பெண்களின் கண்ணுக்கு அது அருமையான களம். ஒருநாள் ஒரு அம்மாள் அதில் மிளகாய் காயப்போட்டுவிட்டு மர நிழலில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு துரைசானியின் பந்து மிளகாய்க்குள் போய் விழுந்தது. மாமா மிளகாயையும் தொடவில்லை, பந்தையும் தொடவில்லை. “அடிங்கம்மா” என்று கையைக் காட்டினார். துரைசானி ஓங்கி ஒரு அடி அடித்தாள். அப்புறம் மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் தும்மினார்கள். மிளகாய்க்காரி மாமாவை ஏசிய ஏச்சை நான் இங்கே எழுத முடியாது. ஆனால் துரைசானியின் பந்து குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதைச் சொல்லிச் சொல்லி மாமா ஒரு மாதம் சந்தோஷப்பட்டார்.

அந்தப் பந்துகள் ஏதோ மரப்பாலில் செய்தவை. ஆட ஆட வெட்டுப்படும். மாமா அவற்றை வெந்நீரில் இளக்கி, உருட்டி, இரும்பு அச்சில் அழுத்தி, வெள்ளை பூசிப் புதிதாக்குவார். வெந்நீருக்கு எங்கள் வீட்டு அடுப்புதான். அந்த நாற்றத்தில் அப்பா திண்டாடுவார். “இன்னைக்குக் கொழம்புல இன்னா போட்டான்னு கேளு” என்பார்.

வேலூர், சென்னை, பெங்களூர் என்று பந்தயத்துக்குப் போய்வந்தார். ஆரணி ரோடு ஸ்டேஷனுக்கு ரயில் வந்த புதிது. ஜட்காவில் ஸ்டேஷனுக்குப் போய், மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, தடிகளைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போவார். சென்னையில் ஒருமுறை பெரிய பந்தயத்தில் ஜெயித்தார். வெள்ளிக் கோப்பையை அவரை அழைத்துப்போன துரை வாங்கிக்கொண்டார். மாமாவுக்கு ஒரு பழைய கோட்டு கிடைத்தது. வேட்டிக்கு மேலே அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தவரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் நெய்துகொண்டிருந்த அப்பா தறியை நிறுத்திவிட்டார்.

“போட்டோ பிடிச்சாங்களாமே. நீங்க எங்க நின்னீங்க மாமா?”

“கோப்ப வச்ச மேசைக்குப் பின்னால ஒரு மரம் இருந்திச்சி. அங்க நிக்கச் சொன்னாங்க.”

“படத்துல வுழுந்திருக்குமா?”

“மரம் வுழுந்திருக்கும்” என்றார். கோபமோ வருத்தமோ குரலில் தெரியவில்லை. எனக்குத்தான் சிரிப்பு நின்றுபோனது.

இந்தக் குணத்தை நான் முழுக்க வெறுத்தேன் என்று நினைக்க வேண்டாம். அக்காவின் முதல் குழந்தை பிறந்து கொஞ்ச நாளில் காய்ச்சலில் போய்விட்டது. அக்கா அடுப்பங்கரை மூலையில் தரையில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பாதிரியார் வந்து வேத வாக்கியம் சொன்னார். பெண்கள் வந்து “எழுந்திரும்மா, இன்னும் வயசிருக்கு” என்றார்கள். அப்பா வாசலில் நின்று அதட்டிப் பார்த்தார். மாமா மட்டும் அவளை எழுந்திரு என்று சொல்லவே இல்லை. அவள் கிடந்த இடத்திலேயே தானும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். துரை ஆள் அனுப்பினபோதும் போகவில்லை. அக்காவாக ஒருநாள் எழுந்து, “நீங்க ஏதாவது துன்னீங்களா?” என்று கேட்டாள். அன்றைக்கு அந்த மனிதர் மேல் எனக்கு வந்த அன்பு பிறகு எத்தனையோ கோபத்துக்கு நடுவிலும் போகவே இல்லை.

அதற்கப்புறம் வந்த மார்கழியில்தான் பெங்களூர்ச் சேதி வந்தது. அங்கே துரைமாரின் கோல்ஃப் கிளப்பில் நிரந்தரமாக ஓர் ஆட்டக்காரர் வேண்டும். வருஷம் முழுக்கச் சம்பளம். மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டு வீடு. எங்கள் இஞ்சினீயர் துரை மாமாவைச் சொன்னார். வேறொரு துரை, பட்டாளத்திலிருந்து விலகின ஒரு சிப்பாயைச் சொன்னார். இரண்டு பேரும் ஆரணி மைதானத்தில் ஆடட்டும், ஜெயித்தவனுக்கு வேலை என்று முடிவாயிற்று.

அக்கா அந்த வீட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அடுப்பு எந்த மூலையில் வைப்பது என்பதுவரை என்னோடு பேசி முடித்துவிட்டாள். “ஓட்டு வூடுன்னா மழ ஒழுகாது, இல்ல?” என்று மாமாவிடம் கேட்டாள்.

“ஜெயிச்சா பாக்கலாம்.”

“ஜெயிங்க” என்றாள் அக்கா. அவரிடம் அவள் அப்படி வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

பந்தய நாளன்று விடியலில் நல்ல பனி. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம் அது. என் கல்யாணச் சேலைக்கு அப்பா மாம்பழ நிறத்தில் பாவு எடுத்து, மைதானத்தின் ஓரம் நீட்டியிருந்தார். பனி விலகாததால் கஞ்சி காயவில்லை. ஈரப் பாவைச் சுற்றினால் இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறியும் பாவு அப்படியே நின்றது. நானும் அக்காவும் அறுந்த இழைகளை முடிந்துகொண்டு அங்கேயே இருந்தோம். அக்காவின் கை இழையில், கண் மைதானத்தில்.

ஆட்டம் குழிக்குக் குழி மாறி மாறிப் போயிற்று. சிப்பாயும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். அந்தக் குழி நாங்கள் இருந்த பக்கம். தெருவே திரண்டு வந்து நின்றது. சிப்பாயின் பந்து குழிக்குக் கொஞ்சம் தள்ளி நல்ல தரையில் விழுந்தது. மாமா அடித்தார். பந்து உயரப் போய், காற்றில் ஒதுங்கி, இறங்கி, என் பாவின் மேல் வந்து விழுந்தது. இழைகள் ஒருமுறை ஆடி, பந்தைப் பிடித்துக்கொண்டன. ஒன்றுகூட அறுந்துபோகவில்லை.

மாமா வந்து பார்த்தார். வழக்கம்போலக் குந்தி உட்கார்ந்தார். துரைமார் எல்லாம் கூடிவிட்டார்கள். மத்தியஸ்தம் பார்க்க வந்திருந்த வேலூர் ஜட்ஜ் துரை சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. சீமையில் அந்த மைதானங்களிலே பெண்கள் துணி காயப்போடுவார்களாம். அதனால் பந்து துணி மேல் விழுந்தால் மட்டும் கையால் எடுத்துப் பக்கத்தில் போட்டு ஆடலாம், குற்றம் இல்லை. இஞ்சினீயர் துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. சிப்பாயைக் கொண்டுவந்த துரையோ, “இது துணி இல்லை, வெறும் நூல்” என்றார். துணி இல்லை என்றால் பாவின் மேலிருந்தே அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குழியை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஜட்ஜ் துரை அப்பாவைப் பார்த்துத் தமிழில் கேட்டார். “நீ நெசவுக்காரன். இது துணியா, இல்லையா?”

அப்பா பாவைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். முடிந்த இழையையே அவள் மறுபடியும் முடிந்துகொண்டிருந்தாள்.

“துணிதாங்க” என்றார் அப்பா.

சுற்றி நின்ற நெசவுக்காரர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் தெருவில் நாணயத்துக்குப் பேர்போனவர் என் அப்பா. ஓர் இழை குறைந்தாலும் நெய்ததைப் பிரிக்கிறவர். ஜட்ஜ் துரை மாமாவின் பக்கம் திரும்பினார். “நீயும் நெசவுக்காரன்தான். நீ என்ன சொல்கிறாய்?”

மாமா எழுந்து நின்றார். அப்பா அவர் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில் சொன்னார். “மாப்ளே, துணின்னு சொல்லிடுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் மாமாவோடு நேராகப் பேசின முதல் வார்த்தை அதுதான்.

“இல்லீங்க துரை. இது பாவு. குறுக்கால ஊட ஓடுனாத்தான் துணி” என்றார் மாமா.

இஞ்சினீயர் துரை, “அப்படியானால் அடி! நூல் போனால் நான் தருகிறேன்” என்று கத்தினார். நானும் கத்தினேன். “அடிங்க மாமா! எனக்கு வேற பொடவ இருக்குது, அடிங்க!” மனதாரத்தான் சொன்னேன். அந்தப் பாவு சல்லடையாகக் கிழிந்திருந்தாலும் நான் சந்தோஷமாய்ப் பழைய சேலையில் கல்யாணம் செய்துகொண்டிருப்பேன். தடி அவர் கையில்தான் இருந்தது. அடித்தால் ஜெயித்திருப்பார் என்று பின்னால் அந்தச் சிப்பாயே சொன்னான்.

மாமா தடியைத் தரையில் வைத்தார். ஒரு கையால் இழைகளை மெல்ல விலக்கி, இன்னொரு கையால் பந்தை எடுத்தார். அதைச் சிப்பாயின் கையில் கொடுத்துவிட்டு, “குழி உங்களுதுங்க” என்றார். பிறகு பாவைத் தாண்டாமல், அதன் கோடிவரை நடந்து, சுற்றிக்கொண்டு போனார்.

பெங்களூர் வேலையும் ஓட்டு வீடும் சிப்பாய்க்குப் போயிற்று. அக்கா அழவில்லை. சண்டையும் போடவில்லை. அவரிடம் வேண்டியதற்கு மட்டும் ஒரு வார்த்தை பேசினாள். அது அழுகையைவிட மோசமாக இருந்தது. நான் மட்டும் அவர் முகத்துக்கு நேரே, “நாலு பேருக்கு முன்னால நல்லவன்னு பேரு வாங்கிகினீங்க. அக்காவுக்கு இன்னா வாங்கிக் குடுத்தீங்க?” என்று கேட்டேன். அவர் தடிகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார்.

வெகுகாலம் கழித்து, அவர் தலை நரைத்த பிறகு, மறுபடியும் கேட்டேன். “அப்பா பொய் சொன்னாரு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா தீந்துது. ஏன் மாமா சொல்லல?”

அப்போது சொன்னார். “நான் ஆமான்னா, வூடு எனுக்கு, பொய் அவருக்குன்னு ஆயிருக்கும். அந்தத் தெருக்காரங்களோட நாளைக்கு அவருதானே பாவு நீட்டணும்?” பாதி நாள் அவர் சொன்னது சரி என்று தோன்றும். பாதி நாள் முடிந்த இழையையே அக்கா மறுபடியும் முடிந்தது நினைவுக்கு வந்து, கோபம் புதிதாய்க் கிளம்பும்.

பந்தயத்துக்கு மறுநாள் காலை, அப்பா அரிசி அளந்து போடவில்லை. அறைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தறிக்குப் போய்விட்டார். அடுத்த நாளும் அப்படியே. அக்கா எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போவார். மகளுக்காகப் பொய் சொன்னவருக்கு மகளையே நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அக்கா சில நாள் பொறுத்துப் பார்த்தாள்.

“அவரு அளந்து போட்டப்ப கூட நான் இருந்துட்டன்டி. இப்ப என் எதுக்க தலயக் குனிஞ்சிகினு போறாரே, அத்த பாத்துகினு இங்க சோறு துன்ன முடியாது” என்றாள்.

மைதானத்தின் மூலையில், தடியும் பந்து அச்சும் வைக்கிற தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. இஞ்சினீயர் துரையிடம் கேட்டு மாமா அதை வாங்கிக்கொண்டார். ஒரு பக்கம் தடிகள், ஒரு பக்கம் அக்காவின் பானைகள். வெயிலில் உள்ளே நிற்க முடியாது, மழையில் ஒழுகும். வெந்நீரில் பந்து இளக்குகிற நாற்றம் சோற்றிலும் ஏறும். ‘ஒரு குடிசையா இருந்தாலும்’ என்று கேட்டவளுக்குக் குடிசைதான் கிடைத்தது என்று நான் கேலி பேச நினைத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசவில்லை.

அந்தப் பாவில் அப்பா நெய்த சேலையைக் கட்டிக்கொண்டு நான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். கல்யாணத்தில் அப்பாவும் அக்காவும் பேசிக்கொள்ளவில்லை. மாமா இருவருக்கும் நடுவில் வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு, யாராவது எடுப்பார்களா என்று உட்கார்ந்திருந்தார்.

கோடை தொடங்கின ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நானும் என் வீட்டுக்காரரும் அக்காவைப் பார்க்கக் கொட்டகைக்குப் போயிருந்தோம். கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. அப்பா நின்றுகொண்டிருந்தார். கோயிலுக்குப் போட்ட அங்கவஸ்திரம், கையில் ஒன்றுமில்லை. உள்ளே வரலாமா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வரச் சொல்ல அக்காவுக்கும் வரவில்லை. மாமா பாயை விரித்தார்.

“வாங்க மாமா” என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா உட்கார்ந்தார். தடிகளைப் பார்த்தார், தகரக் கூரையைப் பார்த்தார், மூலையில் அக்கா மூட்டியிருந்த அடுப்பைப் பார்த்தார். அக்கா இலை போட்டுச் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். அப்பா ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். சோற்றில் பந்து நாற்றம் இருந்தது எனக்குத் தெரியும். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இலை காலியானதும் கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா” என்றார்.

அக்கா பானையிடம் போனாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோற்றைக் கிளறினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அப்பாவின் இலையில் தாராளமாகச் சோற்றைப் போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்து, கதவோரமாக நின்றுகொண்டிருந்த மாமாவைப் பார்த்தாள்.

“இன்னாத்துக்கு நின்னுகினே இருக்கீங்க? நீங்களும் வந்து உக்காருங்க, சோறு ஆறுது” என்றாள்.

மாமா சட்டென்று திரும்பி வெளியே போய்விட்டார். கை கழுவப் போயிருக்கிறார் என்று அப்பா நினைத்தார். தகரத்தின் இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. குடத்துக்குப் பக்கத்தில் நின்று, ஆராதனைக்குப் போட்டிருந்த அந்தப் பழைய கோட்டின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார்.